நாகர்கோவில் பாதுகாப்பான ஊரா? ஒரு பின்னத்தைப் பிரித்துப் பார்த்தால்

அண்ணன் மகளுக்கு வங்கியில் வேலை கிடைத்து, முதல் போஸ்டிங் நாகர்கோவில் என்று ஆர்டர் வந்துவிட்டது. பிள்ளை பிறந்து வளர்ந்ததெல்லாம் சென்னை. இங்கே வந்தது பொங்கலுக்கும் கல்யாண வீட்டுக்கும்தான். ஆர்டர் வந்த அன்று ராத்திரியே போன்.

"சித்தப்பா, நாகர்கோவில் சேஃபான ஊரா? நெட்ல தேடினேன். ஊருக்கு ஊர் பாதுகாப்பு மார்க் போட்டிருக்காங்க. அதை நம்பலாமா?"

பின்னாலிருந்து அவள் அம்மா, என் மைனியின் குரல்: "எட்டு மணிக்கு மேல அங்க ஒரு ஈ காக்கா நடமாடாதுன்னு சொல்லு பிள்ளே." மைனிக்குச் சொந்த ஊர் வடசேரி. ஆனால் கிளம்பிப்போய் முப்பது வருஷம் ஆகிறது. அவர்கள் மனசில் இருக்கிற நாகர்கோவிலில் இன்னும் பார்வதிபுரம் மேம்பாலம் கட்டப்படவில்லை.

அந்த மார்க் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், பேசுவதற்கு அதில் அதிகம் இல்லை. இப்படிப்பட்ட பட்டியல்கள் பெரும்பாலும் அந்த இணையதளத்துக்கு வந்துபோகிறவர்களிடம் "ராத்திரி தனியாக நடக்கப் பயமா?" என்று கேட்டு, பதில்களைக் கூட்டிச் சராசரி போடுபவை. நம் ஊர் மாதிரி நடுத்தர ஊருக்கு வந்தால், பதில் சொன்னவர்களை ஒரு மினி பஸ்ஸில் ஏற்றிவிடலாம். அதில் அளக்கப்படுவது பயம். பயமும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான், ஆனால் அதற்குக் குற்ற விகிதம் என்று பெயர் வைக்கக்கூடாது.

குற்ற விகிதம் வேறு. அது ஒரு பின்னம். நான் கணக்கு வாத்தியார், அதனால் எனக்கு அது அப்படித்தான் தெரிகிறது. எந்தப் பின்னத்தைக் கண்டாலும் மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடையைப் பற்றிப் பேசாதே என்று பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் மகளிடமும் அதையேதான் சொன்னேன்.

கணக்கு எளிது. ஒரு வருஷத்தில் ஓர் ஊரில் பதிவான வழக்குகளை அந்த ஊர் மக்கள்தொகையால் வகுத்து, ஒரு லட்சத்தால் பெருக்க வேண்டும். "லட்சம் பேருக்கு இத்தனை" என்று வரும் விடைதான் குற்ற விகிதம். 2011 கணக்கெடுப்பில் நாகர்கோவில் நகராட்சியின் மக்கள்தொகை 2,24,849. ஒரு வருஷத்தில் இங்கே 450 திருட்டு வழக்குகள் பதிவானதாக வைத்துக்கொள்வோம். கணக்குக்காக நானே போட்ட எண் இது. வகுத்துப் பெருக்கினால் சுமார் 200. இன்னொரு பக்கம் 45 லட்சம் பேர் வாழும் ஒரு பெருநகரம், அங்கே 6,750 திருட்டு. பேப்பரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் பெருநகரம் திருடர்கள் கையில் போய்விட்டது போல இருக்கும். வகுத்துப் பார்த்தால் அங்கே 150தான். தலைக்குத் தலை பார்த்தால் நம் ஊரில்தான் கூடுதல். வகுக்காமல் இரண்டு ஊரை ஒப்பிடக்கூடாது என்பதற்காகத்தான் இந்த விகிதமே.

நாடு முழுக்க இந்தக் கணக்கைப் போடுவது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். 1986இல் தொடங்கியது. மாநிலங்கள் கொடுக்கும் எண்களைத் தொகுத்து வருஷாவருஷம் அறிக்கை வெளியிடுகிறது. அதில் நகரங்களுக்கென்று தனி அட்டவணைகள் உண்டு, ஆனால் 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 19 பெருநகரங்களுக்கு மட்டும். தமிழ்நாட்டில் சென்னையும் கோயம்புத்தூரும் அதில் வருகின்றன. நாகர்கோவில் வராது. 2019இல் மாநகராட்சி ஆனதே தவிர, இங்கே போலீஸ் கமிஷனர் கிடையாது, மாவட்ட எஸ்.பி.யின் கீழேதான் எல்லா ஸ்டேஷனும். ஆகவே நமக்குக் கிடைக்கும் எண் கன்னியாகுமரி மாவட்டத்தின் எண், 2011 கணக்கில் 18,70,374 பேருக்குமாகச் சேர்த்து. ஆரல்வாய்மொழி கணவாய் தொடங்கிக் களியக்காவிளை வரை, குளச்சல் கடற்கரை முதல் பேச்சிப்பாறை ரப்பர் தோட்டம் வரை எல்லாம் ஒரே எண்ணுக்குள். "நாகர்கோவிலின் குற்ற விகிதம் இது" என்று யாராவது சொன்னால், எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்பது தப்பில்லை. கோட்டாறு ஸ்டேஷன் எல்லையும் மாநகராட்சி வார்டு எல்லையும் ஒரே கோடு கிடையாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மேலே இருக்கும் எண்

இனிதான் முக்கியமான இடம். பின்னத்தின் மேலே இருப்பதை நாங்கள் வகுப்பில் தொகுதி என்போம். குற்ற விகிதத்தின் தொகுதி நடந்த குற்றங்களின் எண்ணிக்கை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு டவுன் பஸ்ஸில் கூட்டம். படியில் கால் வைத்து ஏறுகையில் சட்டைப் பையில் போன் இருந்தது. கண்டக்டருக்குச் சில்லறை எடுக்கக் கை போட்டபோது இல்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஸ்டேஷனுக்கு நடந்தேன். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். வெள்ளைத்தாளில் "எனது செல்போன் திருடப்பட்டுவிட்டது" என்று எழுதி ரைட்டரிடம் நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு மரியாதையாகத்தான் கேட்டார்.

"சார், எடுத்தவனைப் பார்த்தியளா?"

"இல்ல."

"பின்ன திருட்டுன்னு எப்படி எழுதுவிய? எங்கயாவது விழுந்திருக்கும். காணாம போச்சுன்னு எழுதித் தாருங்க, உடனே சி.எஸ்.ஆர். போட்டுத் தாரேன். புது சிம் வாங்க அது போதும்லா?"

எனக்கும் அப்போது வேண்டியிருந்தது சிம்தான். "திருடப்பட்டுவிட்டது" என்பதை அடித்துவிட்டு "பேருந்துப் பயணத்தில் தவறவிட்டுவிட்டேன்" என்று எழுதினேன். பத்து நிமிஷத்தில் ரசீது கையில். வீட்டுக்கு வந்து டீ குடிக்கும்போதுதான் உறைத்தது: ஒரு வார்த்தையை அடித்ததில் மாவட்டத்தின் குற்றக் கணக்கில் ஒன்றை நானே குறைத்துவிட்டேன். அந்த வருஷ அறிக்கையை எத்தனை தரம் புரட்டினாலும் என் போன் திருட்டு அதில் இருக்காது.

சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது. எஃப்.ஐ.ஆர். என்கிற முதல் தகவல் அறிக்கை போட்டால்தான் அது வழக்கு. தேசியக் கணக்கில் ஏறுவது எஃப்.ஐ.ஆர். மட்டும். கொலை, திருட்டு, கொள்ளை போல, நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திராமல் போலீஸே விசாரிக்கக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். குற்றம் நடந்த எல்லை வேறாக இருந்தாலும், எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கிப் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்பலாம், 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த அவசரத்தில் சண்டை போட்டிருப்பேனா என்று கேட்டால், உண்மையைச் சொன்னால், மாட்டேன்.

ஆக, தொகுதியில் ஏறுவதற்கு முன்னால் ஒரு குற்றம் பல படி தாண்ட வேண்டும். பாதிக்கப்பட்டவர் வாய் திறக்க வேண்டும். குடும்ப மானம் போய்விடும் என்று மூடிவைப்பது, "புருஷன் பெண்டாட்டி விஷயம்" என்று திருப்பி அனுப்புவது, ஊர்க் கமிட்டியிலோ பங்குப் பேரவையிலோ பேசித் தீர்ப்பது எல்லாம் இந்த முதல் படியிலேயே நின்றுவிடும். அதைத் தாண்டி ஸ்டேஷன் போனால் எழுதுகிற வார்த்தை சரியாக விழ வேண்டும். அதையும் தாண்டினால் எண்ணும் முறை என்று ஒன்று உண்டு. ராத்திரி ஒரு வீட்டைக் குத்தித் திறந்து, தனியாக இருந்த பாட்டியைக் கொன்று, சங்கிலியை எடுத்துப்போகிறான் என்று வையுங்கள். வீடு புகுந்தது, கொன்றது, கொள்ளையடித்தது என்று மூன்று குற்றம். எஃப்.ஐ.ஆரில் மூன்றுக்கும் பிரிவு இருக்கும். அறிக்கையிலோ எது மிகக் கொடியதோ அது மட்டும், அதாவது ஒரு கொலை.

இன்னொன்று, சட்டம் மாறினால் கணக்கும் மாறும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் செயின் பறிப்புக்கென்று தனிப் பிரிவு இருக்கவில்லை. சம்பவத்தைப் பொறுத்துத் திருட்டு என்றோ கொள்ளை என்றோ போடுவார்கள். அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 304ஆம் பிரிவு பறிப்புக்கென்றே இருக்கிறது. இனிமேல் யாராவது "பறிப்பு வழக்குகள் திடீரென உயர்ந்துவிட்டன" என்று வரைபடம் போட்டால், அந்தக் கோடு எந்த மாதத்தில் மேலே ஏறுகிறது என்று பாருங்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல உதாரணம் 2020. அந்த வருஷம் பாதி நாள் நாம் வீட்டுக்குள் இருந்தோம். மீனாட்சிபுரம் அண்ணா பஸ் ஸ்டாண்டில் மாடு படுத்திருந்தது. அப்படியானால் குற்றம் குறைந்திருக்க வேண்டும். அறிக்கையில் நாட்டின் குற்ற விகிதம் 2019இல் 385.5, 2020இல் 487.8. ஒரே வருஷத்தில் இவ்வளவு ஏற்றம். என்ன காரணம்? அரசு ஊழியரின் உத்தரவை மீறியதற்கான 188ஆம் பிரிவில் 2019இல் 29,469 வழக்கு, 2020இல் 6,12,179. ஊரடங்கில் பைக்கை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போனவர்களெல்லாம் அதற்குள் இருக்கிறார்கள். அதே இரண்டு வருஷத்தில் கொலை 28,915இலிருந்து 29,193. ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது. மொத்த எண்ணை மட்டும் பார்த்தவன் இந்தியா அந்த வருஷம் கெட்டுப்போனது என்பான். பிரித்துப் பார்த்தவனுக்குப் போலீஸ் அந்த வருஷம் எதற்கு அதிகம் வழக்குப் போட்டது என்பது தெரியும்.

கஞ்சா, குட்கா, குடித்துவிட்டு வண்டி ஓட்டியது போன்ற வழக்குகளும் இந்த ரகம்தான். யாரும் ஸ்டேஷனுக்கு வந்து "நான் குடித்துவிட்டு ஓட்டினேன்" என்று புகார் கொடுப்பதில்லை. போலீஸ் ரோட்டில் நின்றால் வழக்கு, நிற்காவிட்டால் இல்லை. "மாவட்டத்தில் கஞ்சா வழக்குகள் அதிகரிப்பு" என்ற செய்தியைப் படித்தால் விற்பனை கூடியதா, சோதனை கூடியதா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. குற்றம் கூடுவதும் பதிவு கூடுவதும் வேறு வேறு என்று ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில் எச்சரித்துத்தான் எண்களைத் தருகிறது. அந்தப் பக்கத்தை யாரும் திருப்புவதில்லை.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. களியக்காவிளை தாண்டினால் கேரளம். மொத்தக் குற்ற விகிதத்தில் கேரளம் பல வருஷமாக நாட்டின் மேல்வரிசையில் இருக்கிறது. மார்த்தாண்டத்துக்காரர்கள் தினமும் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் திருவனந்தபுரம் போய் வருகிறார்கள். பாறசாலை தாண்டியதும் சங்கிலியைக் கழற்றி மடியில் வைப்பதை நான் பார்த்ததில்லை. கொலை விகிதத்தைத் தனியாக எடுத்தால் கேரளம் தேசியச் சராசரிக்குக் கீழே. புகார் கொடுக்க ஜனம் தயங்காத, வாங்கி எழுதப் போலீஸ் தயங்காத இடத்தில் விகிதம் உயர்ந்துதான் தெரியும். 2011 கணக்கில் எழுத்தறிவு 91.75 சதவீதம் இருந்த, எதற்கும் மனு எழுதுகிற நம் மாவட்டத்துக்கும் இது கொஞ்சம் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் எந்த எண்ணைத்தான் நம்புவது? நான் இரண்டைப் பார்ப்பேன். ஒன்று கொலை. பிணத்தை "தவறவிட்டுவிட்டேன்" என்று எழுதிக் கொடுக்க முடியாது. இரண்டு, வாகனத் திருட்டு. இன்சூரன்ஸ் பணம் வாங்க எஃப்.ஐ.ஆர். வேண்டும், அதனால் பைக் போனவன் விடாமல் நின்று வாங்கிவிடுவான். மற்ற எண்களையெல்லாம் அந்த மாவட்டம் எவ்வளவு எழுதுகிறது என்பதன் அளவாகவும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

கீழே இருக்கும் எண்

கீழே இருப்பது பகுதி. இங்கே மக்கள்தொகை. அதில் என்ன சிக்கல் வரப்போகிறது என்று தோன்றும். 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளி, 2027க்குப் போய்விட்டது. பெருநகரங்களுக்கான அட்டவணையிலேயே வருஷக்கணக்காக 2011 மக்கள்தொகையைத்தான் கீழே போட்டு வகுத்தார்கள். வழக்கு இந்த வருஷத்தது, ஜனம் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தையது. வேகமாக வளர்ந்த ஊருக்கு இப்படி வகுத்தால் விகிதம் வீங்கித்தான் வரும்.

நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் வேறொன்று. கன்னியாகுமரி ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த ஜனம் கொஞ்சம்தான். ஐயப்பன் சீசன் தொடங்கிவிட்டால் கார்த்திகையிலிருந்து தை வரை, விடிகாலையில் சூரியோதயம் பார்க்க முக்கடல் சங்கமத்தில் நிற்கிற கூட்டமும், விவேகானந்தர் பாறைக்குப் படகு டிக்கெட் வரிசையும் ஊர் ஜனத்தை மூழ்கடித்துவிடும். வரிசையில் நிற்கிற ஆந்திராக்காரர் ஒருவரின் பர்ஸ் போய், அவர் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். போட்டால், வழக்கு மேலே ஏறிவிடும். ஆனால் அவர் கீழே இல்லை, அவர் தலை எண்ணப்பட்டது அவர் ஊரில். சுற்றுலா ஊர்களின் விகிதம் எப்போதும் நிஜத்தைவிடப் பயங்கரமாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். உலகம் முழுக்க இதே கதைதான்.

அடுத்தது சின்ன ஊரின் வியாதி. 2,24,849 பேர் உள்ள ஊரில் ஒரு வருஷம் 2 கொலை, அடுத்த வருஷம் 5 என்று வைத்துக்கொள்வோம். "கொலைகள் 150 சதவீதம் உயர்வு" என்று தலைப்புப் போடலாம், பொய் இல்லை. ஆனால் 5 கொலை என்றால் விகிதம் சுமார் 2.2. 2020இல் இந்தியா முழுமைக்குமான கொலை விகிதமும் 2.2தான். அதாவது ஊர் சராசரிக்கு வந்திருக்கிறது, அவ்வளவே. கூடிய அந்த மூன்றில் இரண்டு ஒரே குடும்பத்துச் சொத்துத் தகராறாகவும் இருக்கலாம். சின்ன ஊருக்கு ஒரு வருஷத்தை மறு வருஷத்தோடு ஒப்பிடாதீர்கள்; ஐந்து வருஷத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

2020 ஜனவரி 8 ராத்திரி களியக்காவிளை சோதனைச்சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடே பேசிய சம்பவம். பல மாதங்களுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது எல்லோர் கண்ணும் அந்தச் சாவடியைத்தான் தேடும். மாவட்டத்தின் கொலைக் கணக்கில் அது ஒன்று. மனசில் அது நூறு. எண்ணைத் தப்பாகப் படிக்க வைப்பதில் எழுத்தரைவிடப் பெரிய ஆள் நம் ஞாபகம்.

சரி, நான் எப்படி இருப்பது?

அண்ணன் மகள் இவ்வளவையும் கேட்டுவிட்டு, "சித்தப்பா, இதெல்லாம் சரி. நான் அங்க தனியா ரூம் எடுத்து இருக்கலாமா, வேண்டாமா?" என்றாள். நியாயம்தான். விகிதம் ஊருக்குச் சொந்தம். ஆபத்து ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம், தெருவுக்குத் தெரு மாறும்.

அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரத்தைப் பற்றி 1989இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரு வருஷத்தில் போலீஸுக்கு வந்த அழைப்புகளை முகவரிவாரியாகப் பிரித்துப் பார்த்ததில், பாதி அழைப்புகள் வெறும் 3 சதவீத முகவரிகளிலிருந்து வந்திருந்தன. ஓர் ஊரே ஆபத்தானது, ஓர் ஊரே பத்திரமானது என்று சொல்வது பெரும்பாலும் சோம்பல் பேச்சு. ஏதோ ஒரு மதுக்கடை வாசல், ஒரு பஸ் ஸ்டாண்டின் பின்பக்கம், விளக்கு எரியாத ஒரு சந்து, இவ்வளவுதான் கணக்கைத் தூக்கிக் காட்டுகின்றன. அந்தச் சந்து எது என்று எந்த அறிக்கையிலும் இருக்காது. அந்தத் தெருவில் துணி தேய்க்கிற அண்ணாச்சிக்குத் தெரியும்.

அதைவிட முக்கியமானது யாரிடமிருந்து ஆபத்து என்பது. ராத்திரி பின்னால் வருகிற முகம் தெரியாத ஆள்தான் நம் பயத்தில் எப்போதும் வருகிறான். அறிக்கை வேறு ஆளைக் காட்டுகிறது. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 95 சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர்: உறவு, அக்கம்பக்கம், நண்பர், வேலையிடம். பெண்களுக்கு எதிரான குற்றங்களில் 2022இல் மிகப் பெரிய பங்கு, 31.4 சதவீதம், கணவனோ அவன் உறவினர்களோ செய்யும் கொடுமை. அந்த வருஷம் நடந்த 28,522 கொலைகளில் காரணங்களில் முதலிடம் தகராறு, அடுத்தது முன்விரோதம். பொருளுக்காகக் கொன்றது அதற்குப் பிறகுதான். "பொழுது சாய்ந்தால் வெளியே போகாதே" என்று பெண்பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டிவைக்கிற நாம், இந்த எண்களை ஒரு தடவையாவது உரக்க வாசிக்க வேண்டும். இதை மைனியிடம் நேராகச் சொல்லத் தைரியம் வரவில்லை. மகளிடம் சொன்னேன்.

வெளியே இருக்கும் ஆபத்தென்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ரோடுதான். அதே 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். கொலையைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. நம் மாவட்டத்து ரோடு தெரியுமே: குறுகல், வளைவு, இரண்டு பக்கமும் வீட்டு மதில், எதிரே பாறை ஏற்றிய டாரஸ் லாரி. "ஸ்கூட்டி வாங்கினா ஹெல்மெட்டோட வாங்கு, மழை நேரம் பஸ்ல போ" என்றேன். "நான் திருடனைப் பத்திக் கேட்டா நீங்க லாரியைப் பத்திப் பேசுறீங்க" என்றாள். ஆமாம், லாரியைப் பற்றித்தான் பேசினேன்.

திருடனைப் பற்றியும் கொஞ்சம். வெளிநாட்டில் ஆள் இருக்கிற, வயசானவர்கள் மட்டும் தங்குகிற, இல்லை பூட்டியே கிடக்கிற வீடுகள் நம் பக்கம் நிறைய. வாசலில் நாலு நாள் பேப்பர் குவிந்து கிடந்தால் அதுவே அழைப்பிதழ். வெளியூர் போகும்போது ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் ரோந்துக்காரர்கள் பார்வையில் வைப்பார்கள். அக்கம்பக்கத்தில் ஒரு வீட்டிலாவது சொல்லிவிட்டுப் போவது அதைவிட வேலை செய்யும். செயின் பறிப்பவனுக்குத் தேவை ஆள் குறைவான நேரமும் ஓடிப்போக ஒரு ரோடும், அதனால் விடியற்காலை நடைப்பயிற்சியும் கோலம் போடுகிற நேரமும் ராத்திரி பத்து மணியைவிடப் பத்திரம் என்று நினைத்துவிடக்கூடாது.

இப்போது வங்கி ஊழியையாகப் போகிறவளுக்கு வேறொன்றும் சொன்னேன். இன்றைக்குத் திருடன் தெருவுக்கே வருவதில்லை, போனில் வருகிறான். போலீஸ் உடுப்போடு வீடியோவில் தோன்றி "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்பான். அப்படி ஓர் அரெஸ்ட் நம் நாட்டுச் சட்டத்திலேயே கிடையாது. ஓய்வூதியப் பணத்தை ஒரே மூச்சில் மாற்ற வருகிற பெரியவரைக் கவுண்டரில் இரண்டு நிமிஷம் நிறுத்திப் பேசு என்றேன். பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்கு அதை வழியில் முடக்கிவைக்க வாய்ப்பு. இந்தக் குற்றத்தில் குற்ற விகிதமே குழம்பிவிடும்: பணம் போனது கோட்டாற்றில், எடுத்தவன் எங்கோ வடக்கே, எஃப்.ஐ.ஆர். இங்கே. மேலே ஏறுவது நம் மாவட்டத்தின் எண்.

அவசர எண்களை அவளே போனில் போட்டுக்கொண்டாள்: எல்லாவற்றுக்கும் 112, பெண்களுக்கு 181, கூடவே தமிழ்நாடு போலீஸின் 'காவல் உதவி' செயலி.

ரூம் பார்த்தது வெட்டூர்ணிமடம் பக்கம். புரோக்கர் பகல் பதினொன்றுக்குக் காட்டினார். வெயிலில் எல்லாத் தெருவும் நல்ல தெருவாகத்தான் இருக்கும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் நானும் அவளும் ராத்திரி ஒன்பதேகாலுக்கு பஸ்ஸில் போய் இறங்கி, அந்த வீடு வரை நடந்தோம். ஆறு நிமிஷ நடை. திறந்திருந்த கடைகள் மூன்று: ஒரு மெடிக்கல், ஒரு டீக்கடை, ஒரு பழக்கடை. விளக்குக் கம்பம் ஒன்பது, எரிந்தது ஏழு. நாய்கள் நாலு, குரைத்தது ஒன்று. டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர், "ஆரைப் பார்க்க வந்திய?" என்று கேட்டார். அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல். எனக்குச் சந்தோஷம், இந்தத் தெருவில் புது முகத்தை ஆள் கவனிக்கிறது.

டீக்கடைக்காரரிடம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்டேன். பத்தரை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மத்தியானத்தோடு சரி. அப்போது கடைசி இரண்டு நிமிஷ நடையில் வெளிச்சம் கிடையாது, எரியாத இரண்டு கம்பமும் அங்கேதான். ஞாயிறு ராத்திரி ஊரிலிருந்து திரும்பினால் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வாசல் வரை வந்துவிடு என்று முடிவாயிற்று. எரியாத கம்பங்களின் நம்பரை அவள் போட்டோ எடுத்துக்கொண்டாள், மறுநாள் மாநகராட்சிக்கு மனு எழுத.